ஜனவரித் தீர்மானமும் சென்னையின் 531 பேரும்

புத்தாண்டில் உடம்பைக் கவனிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. சோற்றைக் குறை, இனிப்பை நிறுத்து, தினமும் நட. இதைச் சொல்ல டாக்டர் வேண்டியதில்லை, எதிர் வீட்டு மாமாவே போதும். ஆனால் இந்த அறிவுரை நம் ஊர் ஆட்களிடம், நம் ஊர்ச் சாப்பாட்டோடு, உண்மையிலேயே பலன் தருகிறதா? தருகிறது என்றால் அதில் எந்தப் பகுதி பலன் தருகிறது? ஊகிக்காமல் இதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று சென்னையில் நடந்திருக்கிறது. 'இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்' என்று பெயர். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்தது. முடிவுகள் 2006-இல் 'டயபெட்டாலஜியா' மருத்துவ இதழில் வெளிவந்தன. வருடங்கள் ஓடிவிட்டாலும், ஜனவரியில் தீர்மானம் எடுக்கிற ஒருவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு அதுதான் என்பது என் கட்சி.

விளிம்பில் நின்றவர்கள்

ஆய்வுக்கு ஆள் எடுத்தது நடுத்தர வர்க்கத்து உத்தியோகஸ்தர்களிடமிருந்தும் அவர்கள் குடும்பத்தாரிடமிருந்தும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்து, 35 முதல் 55 வயதுக்குள் 531 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் 421 பேர் ஆண்கள், 110 பேர் பெண்கள். யாருக்கும் சர்க்கரை நோய் இல்லை. ஆனால் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால் சர்க்கரை 140-க்குக் கீழே இறங்கியிருக்கவில்லை. 200-ஐத் தொடவும் இல்லை. ஒரு தடவை அப்படி வந்தால் தற்செயலாக இருக்கலாம் என்று இரண்டாம் தடவையும் பரிசோதித்து, இரண்டிலும் அதே நிலையில் இருந்தவர்களை மட்டும் சேர்த்தார்கள். 'பார்டர்ல இருக்கு, மாத்திரை வேண்டாம், பாத்துக்குங்க' என்று லேப் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுப்பார்களே, அந்தக் கூட்டம்தான்.

உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பி.எம்.ஐ. எண் இவர்களுக்குச் சராசரியாக 25.8. தெருவில் பார்த்தால் குண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இதே கேள்வியோடு அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் பி.எம்.ஐ. சராசரி 34. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கேட்டது கொஞ்சம்தான்

531 பேரையும் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு வழக்கமான பொது ஆலோசனை மட்டும். இரண்டாவது குழுவுக்கு உணவிலும் நடையிலும் மாற்றம். மூன்றாவது குழுவுக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை. நான்காவது குழுவுக்கு மாற்றமும் மாத்திரையும் சேர்த்து. மாத்திரையை முதலில் 500 மி.கி. வீதம் இரண்டு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும் அறிகுறிகள் தெரிந்ததால் 250 மி.கி. ஆகக் குறைத்துவிட்டார்கள்.

உணவு, நடை என்று இரண்டாவது குழுவிடம் கேட்டது என்ன? உட்கார்ந்தே வேலை பார்க்கிறவர்கள் தினமும் குறைந்தது 30 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். ஏற்கெனவே நடந்தோ சைக்கிளிலோ போய்வருபவர்கள், உடலுழைப்பு உள்ளவர்கள் அதையே விடாமல் தொடர்ந்தால் போதும். சாப்பாட்டில் மொத்த அளவைக் கொஞ்சம் குறைப்பது, தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைப்பது, சர்க்கரையைத் தவிர்ப்பது, நார்ச்சத்துள்ளதைச் சேர்த்துக்கொள்வது. ஜிம் கிடையாது. புரதப் பொடி கிடையாது. சோற்றை அடியோடு நிறுத்தச் சொல்லவும் இல்லை.

இதெல்லாம் எதிர் வீட்டு மாமா சொல்வதுதானே என்றால், ஆமாம், அதேதான். மாமா செய்யாத ஒன்றை ஆய்வுக் குழு செய்தது. ஆலோசனை சொன்ன இரண்டு வாரத்தில் போன் செய்து விசாரித்தார்கள். அப்புறம் மாதம் ஒரு முறை போன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நேரில் உட்கார வைத்துப் பேச்சு. இது மூன்று வருடம் நடந்தது.

55, 39.3, 40.5, 39.5

மூன்று ஆண்டு முடிவில் சர்க்கரை நோய்க்குள் போய்விட்டவர்கள்: பொது ஆலோசனை மட்டும் பெற்ற குழுவில் 55 சதவீதம். உணவும் நடையும் மாற்றிய குழுவில் 39.3. மாத்திரைக் குழுவில் 40.5. இரண்டும் பெற்ற குழுவில் 39.5.

முதல் எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 'பாத்துக்குங்க' என்ற அளவோடு விடப்பட்டவர்களில் பாதிக்கு மேல் மூன்றே வருடத்தில் நோயாளிகளாகிவிட்டார்கள். வருடத்துக்குச் சுமார் 18 சதவீதம். அமெரிக்க ஆய்வில் இதே மாதிரி விடப்பட்ட குழுவில் இது வருடத்துக்கு 11 சதவீதம்தான். அவர்கள் நம்மைவிட எவ்வளவு பருமன் என்பதையும் சேர்த்து யோசித்தால், ஒல்லியாக இருக்கிறோம் என்ற நிம்மதிக்கு இடமே இல்லை. இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலும் குறைந்த வயதிலும் சர்க்கரை வருகிறது என்பது பல ஆய்வுகளில் பார்த்த விஷயம்.

இரண்டாவது, நடையும் சாப்பாட்டு மாற்றமும் ஒரு மாத்திரைக்குச் சமமான வேலையைச் செய்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் வரும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். வரவில்லை. செலவுக் கணக்கையும் 2007-இல் வெளியிட்டார்கள். ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க ஆன செலவு, வாழ்க்கைமுறை மாற்றத்தில் 47,341 ரூபாய், மாத்திரையில் 49,280 ரூபாய், இரண்டும் சேர்ந்தால் 61,133 ரூபாய். கூடுதல் செலவு, அதே பலன்.

மூன்றாவது, யாரும் மேடையில் சொல்லாத எண். சொன்னதையெல்லாம் கேட்டு, மாதாமாதம் போனில் பேசிய குழுவிலும் நூற்றுக்கு 39 பேருக்கு நோய் வந்தது. ஆறு ஏழு பேர் மூன்று வருடம் பழக்கத்தை மாற்றினால் அதில் ஒருவருக்கு வரவிருந்த நோய் தடைபடுகிறது என்பதே கணக்கு. மருத்துவத்தில் இது நல்ல பலன், சந்தேகமே வேண்டாம். ஆனால் '90 நாளில் சர்க்கரைக்கு விடை' என்று ஜனவரியில் போஸ்டர் ஒட்டுபவர்களின் வாக்குறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எடை இறங்கவில்லை, ஆனாலும்

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பலன் கிடைத்த குழுவில் யாரும் சொல்லிக்கொள்ளும்படி இளைக்கவில்லை. பொது ஆலோசனைக் குழுவினருக்கு எடை கொஞ்சம் ஏறியது, மாற்றம் செய்தவர்களுக்கு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது. அவ்வளவுதான். அமெரிக்க ஆய்வில் 7 சதவீத எடையைக் குறைப்பதை இலக்காக வைத்து, முதல் ஆறு மாதத்திலேயே 16 பாடங்கள் தனித்தனியாக நடத்தி, நோய் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்தார்கள். அது பெரிய வெற்றி. சென்னையில் கிடைத்தது 28.5 சதவீதக் குறைப்பு. ஆனால் எடை முள் அசையாமலே கிடைத்தது.

எப்படி என்பதற்கு விளக்கம் உண்டு. ரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் பெருமளவு உள்ளே இழுத்துக்கொள்வது தசைதான். தசை வேலை செய்யும்போது இன்சுலினின் துணை இல்லாமலேயே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். நடந்து முடித்த பிறகும் பல மணி நேரம் இன்சுலினுக்கு நன்றாக இணங்கும். கொழுப்பு கரைவதற்கு முன்பே நடக்கிற வேலை இது. வெயிங் மெஷினுக்கு இது தெரியாது.

ஜனவரியில் நடக்க ஆரம்பித்தவர்களில் பெரும்பாலோர் நிறுத்துவதற்குச் சொல்லும் காரணம் என்ன? 'ஒரு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையலை.' அந்த ஒரு மாதத்தில் உடம்புக்குள் நடந்த நல்லது எதையும் அந்த மெஷின் காட்டாது. எடை குறைவது நல்லதுதான், பருமனானவர்களுக்கு அவசியமும்கூட. ஆனால் பழக்கம் பலிக்கிறதா என்று பார்க்க அதை மட்டுமே நம்புவது, ஜுரம் குறைந்ததா என்று செருப்பு அளவைப் பார்ப்பது போல.

அறிவுரையா, விசாரிப்பா?

இந்த முதல் ஆய்வை வைத்து ஒரு கேள்விக்கு விடை சொல்ல முடியாது. பலன் தந்தது, விவரமாகச் சொல்லிக் கொடுத்ததா, தொடர்ந்து போன் செய்ததா? இரண்டும் சேர்ந்தே நடந்ததால் பிரித்துப் பார்க்க வழியில்லை.

பிரித்துக் காட்டியது அடுத்த ஆய்வு. அதே ராமச்சந்திரன் குழு, லண்டன் இம்பீரியல் கல்லூரியோடு சேர்ந்து, தென்னிந்தியாவில் வேலையில் இருக்கிற 35 முதல் 55 வயது ஆண்கள் 537 பேரிடம் நடத்தியது. 2009-இல் ஆள் சேர்க்கத் தொடங்கி, 2013-இல் 'லான்செட்' குழும இதழ் ஒன்றில் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் அதே விளிம்பில் நின்றவர்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரே ஆலோசனை, எழுத்திலும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பாதிக்கு ஒன்றும் இல்லை. இன்னொரு பாதிக்கு மட்டும் செல்போனில் குறுஞ்செய்தி. லிஃப்டுக்குப் பதில் படியேறுங்கள், டி.வி. பார்த்துக்கொண்டே கொறிக்காதீர்கள் என்ற ரகம். ஆளின் மனநிலையைப் பார்த்து, அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாரா, ஆரம்பித்துவிட்டாரா என்பதற்கு ஏற்றபடி செய்தியை மாற்றி அனுப்பினார்கள்.

இரண்டு வருடத்தில், செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. பெற்றவர்களில் 18 சதவீதம். தெரிந்த விஷயம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். வித்தியாசம், ஒருவர் விடாமல் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார் என்பது மட்டும். இங்கேயும் எடையில் சொல்லத்தக்க மாற்றமில்லை. நடையிலும் பெரிய வித்தியாசம் பதிவாகவில்லை. மாறியது சாப்பாட்டு அளவு. அந்த வரிகளைப் படித்தவர்கள் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

எனவே என் தீர்ப்பு விசாரிப்பின் பக்கம். நம்மிடம் குறைவாக இருப்பது ஊட்டச்சத்து அறிவல்ல. இரண்டாம் வாரத்தில் 'என்னண்ணே, நடந்தீங்களா?' என்று கேட்கிற ஆள்.

சறுக்கிய இடம்

இதற்கு எதிரான சாட்சியும் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. கேரளத்தில், 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2018-இல் வெளியானது. அங்கே விசாரித்தவர்கள் நிபுணர்கள் அல்ல, அதே ஊர்க்காரர்கள். பயிற்சி கொடுத்து, குழுக்களாகக் கூடிப் பேச வைத்தார்கள். இரண்டு வருடத்தில் நோய் வந்தவர்கள், இப்படிக் கூடிப் பேசிய பக்கம் 14.9 சதவீதம், மறுபக்கம் 17.1. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருந்திருக்கலாம் என்பதே புள்ளியியல் தீர்ப்பு. மதுவைக் குறைத்தது, பழம் காய்கறி சாப்பிட்டது போன்றவற்றில் முன்னேற்றம் தெரிந்தது, சரி. ஆனால் நோயைத் தள்ளிவைத்தோம் என்று அவர்களால் மார்தட்ட முடியவில்லை.

இன்னொரு ஆய்வு மறுபடி சென்னையில், 578 பேரிடம், 2016-இல் வெளியானது. வகுப்புகள் நடத்தி, போதாதவர்களுக்கு மெட்ஃபார்மினையும் சேர்த்தார்கள். நோய் வாய்ப்பு மொத்தத்தில் 32 சதவீதம் குறைந்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுகிறவர்களுக்கு நல்ல பலன். காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் ஏறியிருந்தவர்களுக்கு 12 சதவீதம்தான். சேர்ந்தவர்களில் 72 சதவீதம் பேருக்குக் கடைசியில் மாத்திரை தேவைப்பட்டது. நடந்தும் சாப்பாட்டைக் குறைத்தும் சர்க்கரை இறங்கவில்லை என்று டாக்டர் மாத்திரை எழுதினால், அதை மனஉறுதி இல்லாத குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விளிம்பில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே விளிம்பில் நிற்கவில்லை.

ஜனவரிக்கு வருவோம்

நமக்கு ஜனவரி 1 மார்கழியில் வருகிறது. அது ஒரு வசதி. வெளியே குளிர்ச்சி, கோயிலில் பாட்டு, விடியற்காலையில் எழுவதற்கு ஊரே துணை. இரண்டு வாரத்தில் பொங்கல், சர்க்கரைப் பொங்கலும் வடையும் கரும்பும். அதற்காக யாரும் பயப்பட வேண்டாம், நான்கு நாள் பண்டிகை யாரையும் நோயாளி ஆக்கியதில்லை. உண்மையான சோதனை மாசி, பங்குனியில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கே வியர்க்க ஆரம்பித்தவுடன் மார்கழிப் பழக்கம் உதிரும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து, ஒரு பழக்கம் தானாக வரும் அளவுக்கு ஊற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். நடுமதிப்பு 66 நாள். சிலருக்கு 18 நாளிலேயே வந்தது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. ஜனவரி 1-இல் தொடங்கினால் 66-ஆவது நாள் மார்ச் 7, அதாவது சரியாக மாசி வெயில். எனவே நடையை வெளிச்சூழலுக்குக் கட்டிப்போடாமல், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டைமாடியில் 15 நிமிடம் என்று ஒரு மாற்று வழியை ஜனவரியிலேயே பழக்கிவிடுவது புத்திசாலித்தனம். அந்த லண்டன் ஆய்வில் தெரிந்த இன்னொன்று, இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. 'ஒரு நாள் விட்டாச்சு, எல்லாம் போச்சு' என்பது நாமே போட்டுக்கொள்ளும் சாக்கு.

அப்புறம் சிறுதானியம். ஒவ்வொரு ஜனவரியிலும் வரகு, சாமை, தினை மூட்டைகள் வீட்டுக்கு வருகின்றன. அவற்றின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, வரகரிசிப் பொங்கல் அருமையாகவே இருக்கும். ஆனால் நாடு முழுவதும் நடந்த 'ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப்' என்ற சர்க்கரை நோய்க் கணக்கெடுப்பில் இந்தியர்கள் கலோரியில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தே எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. 2025-இல் வெளியான அதன் ஆய்வறிக்கை ஒரு சங்கடமான விஷயத்தையும் சொன்னது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், தீட்டிய தானியத்தின் இடத்தில் முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்தால் நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. அந்த இடத்தில் கொஞ்சம் பருப்பு, பால், முட்டை, மீன் போன்ற புரதம் வந்தால் குறைகிறது. நான்கு இட்லிக்குப் பதில் நான்கு கம்பு இட்லி என்பதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சுண்டலும் என்றால் நடக்கும். மதியத்தில் சோற்றுக்கு முன்னால் கூட்டும் கீரையும் பொரியலும் தட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டால், மிச்ச இடத்தில் எவ்வளவு சோறு போட முடியுமோ அவ்வளவு போதும்.

தீர்மானத்தோடு சேர்த்து ஒரு பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. பலர் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு, நார்மல் என்று சந்தோஷமாக வந்துவிடுகிறார்கள். முதல் சென்னை ஆய்வு கண்டுபிடித்த ஆட்கள் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருந்தபோதுதான் பிடிபட்டார்கள். 35 வயது தாண்டி, பெற்றோரில் ஒருவருக்காவது சர்க்கரை இருந்தால் அந்த இரண்டு மணி நேரத்தைச் செலவழிக்கலாம். ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் திடீரென்று குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், சர்க்கரை தாழ்ந்துபோகும்.

மாதம் ஒரு போன் என்பதை வீட்டிலேயே ஏற்பாடு செய்யலாம். மனைவியோ கணவரோ வேண்டாம், அது சண்டையில் முடியும். ஒரு பழைய நண்பர், அல்லது வேறு ஊரில் இருக்கும் தங்கை. காலண்டரில் தேதி குறித்து, மாறி மாறிக் கேட்டுக்கொள்வது. என்ன சாப்பிட்டாய், எத்தனை நாள் நடந்தாய் என்ற இரண்டே கேள்வி. எடையைக் கேட்க வேண்டாம்.

இந்த ஆய்வுகளில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது ஒன்று உண்டு. முதல் ஆய்வில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். குறுஞ்செய்தி ஆய்வில் எல்லோருமே ஆண்கள். நம் வீடுகளில் குழம்பில் எவ்வளவு எண்ணெய், தட்டில் எத்தனை கரண்டி சோறு என்பதை அவர்களில் எத்தனை பேர் முடிவு செய்கிறார்கள்? செய்தி ஒருவர் போனுக்குப் போகிறது, அடுப்பு இன்னொருவர் கையில் இருக்கிறது. ஆகவே தீர்மானம் எடுக்கிற அன்று, சமைக்கிறவரோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் என்பது டாக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. உங்கள் வீட்டு ஐந்து லிட்டர் டின் எத்தனை நாளில் தீர்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.